‘ச்சாவ்’: யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது?

இத்தாலிய மொழியில் ஒருவரைக் கண்டவுடன் சொல்வதற்கும் பிரியும்போது சொல்வதற்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு: ‘ச்சாவ்’. அகராதியைத் திறந்தால் அதற்கு எதிரே இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று வணக்கம், மற்றொன்று போய் வருகிறேன். இரண்டும் சரிதான். ஆனால் இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போகிறவர் முதல் நாளிலேயே சங்கடத்துக்கு ஆளாகக்கூடும். தமிழில் ‘வணக்கம்’ முதலமைச்சருக்கும் பொருந்தும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொருந்தும். ச்சாவ் அப்படிப்பட்டதல்ல. எப்போது சொல்வது என்பதைவிட, யாருக்குச் சொல்வது என்பதுதான் அதில் முக்கியம்.

முதலில் உச்சரிப்பு. ‘பச்சை’ என்பதில் வரும் அழுத்தமான ச்ச ஒலியோடு சொல் தொடங்குகிறது. பிறகு நீண்ட ‘ஆ’, அதை ஒட்டி விரைந்து முடியும் ‘ஓ’. தமிழில் எழுதினால் ‘ச்சாவ்’ என்பதற்கும் ‘ச்சாவோ’ என்பதற்கும் நடுவே விழும் ஒலி அது. இத்தாலிய எழுத்தில் அதற்கு நான்கு எழுத்துகள் உண்டு என்றாலும், இரண்டாவதாக வரும் ‘இ’ ஒலிப்பதில்லை. முன்னால் உள்ள மெய்யை ‘க’ என்று படிக்காமல் ‘ச்ச’ என்று படிக்க வேண்டும் என்று காட்டுவதுதான் அதன் வேலை. ‘சியாவோ’ என்று பிரித்துப் படிப்பது புதிதாகக் கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

இனி, யாருக்குச் சொல்லலாம் என்ற கேள்வி. தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு முன்னிலைகள் இருப்பதுபோல இத்தாலியத்திலும் ‘தூ’, ‘லேய்’ என்று இரண்டு உண்டு. குடும்பத்தார், நண்பர்கள், சமவயது இளைஞர்கள், குழந்தைகள் ஆகியோரிடம் ‘தூ’. அறிமுகமில்லாத பெரியவர், மருத்துவர், அரசு அலுவலர், வயதில் மூத்த அயலார் ஆகியோரிடம் ‘லேய்’. இந்த ‘லேய்’ உண்மையில் ‘அவள்’ என்று பொருள்படும் படர்க்கைச் சொல். ‘தங்கள் மேன்மை’ என்பது போன்ற பழைய மரியாதை வழக்குகள் இத்தாலியத்தில் பெண்பாற் பெயர்கள். அவற்றுக்குப் பதிலாக ‘அவள்’ என்று சொல்லிச் சொல்லி, எதிரில் நிற்பவர் ஆணானாலும் மரியாதை காட்ட அதுவே நிலைத்துவிட்டது. ச்சாவ் என்பது ‘தூ’வின் கூட்டாளி. யாரை நீ என்று அழைக்கலாமோ அவருக்கு ச்சாவ் சொல்லலாம். நீங்கள் என்று அழைக்க வேண்டியவருக்குச் சொல்லக் கூடாது. விதி இவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

ஓர் இத்தாலிய நகரத்தின் காலைப்பொழுதைப் பார்த்தால் இது விளங்கும். தெருமுனையில் இருக்கும் காப்பிக் கடையை அங்கே ‘பார்’ என்பார்கள். நாள்தோறும் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு வாயில் எஸ்பிரெசோவை முடித்துவிட்டுப் போகும் இளைஞரிடம் கடைக்காரர் ச்சாவ் என்கிறார். அவருக்குப் பின்னால் வரும் முதியவரிடம் ‘புவோன்ஜோர்னோ’, அதாவது நல்ல நாள், என்கிறார். மருந்துக் கடையில் நுழைகிறவரும் புவோன்ஜோர்னோதான் சொல்கிறார். தொடக்கப் பள்ளி வாசலில் பிள்ளைகள் ‘ச்சாவ் மயேஸ்த்ரா’ என்று ஆசிரியையைக் கூவி அழைக்கிறார்கள். அங்கே அது மரியாதைக் குறைவு ஆகாது. அதே பிள்ளைகள் சில ஆண்டுகள் கழித்து மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் ஆசிரியரிடம் புவோன்ஜோர்னோ சொல்லவும் ‘லேய்’ போட்டுப் பேசவும் வேண்டும். இத்தாலியப் பிள்ளைக்கு, தான் வளர்ந்துவிட்டதை உணர்த்தும் அடையாளங்களில் இதுவும் ஒன்று.

ச்சாவ் பொருந்தாத இடங்களில் என்ன சொல்வது? பகலில் புவோன்ஜோர்னோ, மாலையில் ‘புவோனசேரா’. இரண்டுக்கும் இடையே கடிகாரம் காட்டும் எல்லை எதுவும் இல்லை. டஸ்கனியிலும் சார்டீனியாவிலும் மதியச் சாப்பாடு முடிந்ததுமே புவோனசேரா தொடங்கிவிடுகிறது. படுக்கப் போகும்போது ‘புவோனநோத்தே’. விடைபெறும்போது ‘அரிவெதேர்ச்சி’, அதாவது மறுபடி பார்க்கும்வரை. இன்னும் மரியாதையாக ஒருவரிடம் மட்டும் சொல்வதானால் ‘அரிவெதேர்லா’. ‘அத்தீயோ’ என்பது ‘கடவுளிடம் ஒப்படைக்கிறேன்’ என்ற பொருளிலிருந்து வந்தது. இன்று பெரும்பாலான இத்தாலியர்கள் காதில் அது இனிச் சந்திக்கவே போவதில்லை என்பதுபோல ஒலிக்கும். நாளைக்கே மறுபடி பார்க்கப் போகிறவரிடம் அதைச் சொல்லிவிடக் கூடாது.

இவற்றுக்கு நடுவே ‘சால்வே’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘நலமாக இரு’ என்ற பொருளில் பண்டைய ரோமானியர்கள் பயன்படுத்திய லத்தீன் வாழ்த்து அது. ‘தூ’ போடுவதா ‘லேய்’ போடுவதா என்று தீர்மானிக்க முடியாத ஆளிடம், மாடிப்படியில் எதிர்ப்படும் முகம் தெரியாத அண்டை வீட்டுக்காரரிடம், இதைச் சொல்லித் தப்பிக்கலாம். வெளிநாட்டவருக்கு மிகவும் உதவக்கூடிய சொல் இது. பாடநூல்கள் ச்சாவுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

நண்பர்களுக்குள் புழங்கும்போது ச்சாவ் பல வடிவங்களை எடுக்கிறது. கூட்டமாக இருப்பவர்களிடம் ‘ச்சாவ் அ துத்தி’, எல்லோருக்கும் ச்சாவ். தோழியிடம் ‘ச்சாவ் பெல்லா’, தோழனிடம் ‘ச்சாவ் பெல்லோ’. பெல்லா என்றால் அழகி, பெல்லோ என்றால் அழகன். தோழிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும்போது அன்பாக இருக்கும் ‘ச்சாவ் பெல்லா’, தெருவில் போகும் முகம் தெரியாத பெண்ணிடம் ஓர் ஆண் சொன்னால் சீண்டலாகிவிடும். இத்தாலியம் என்றாலே இந்தத் தொடர்தான் என்று நினைத்து வரும் சுற்றுலாப் பயணிகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொலைபேசியில் இந்தச் சொல்லைக் கேட்பது தனி அனுபவம். அழைப்பை எடுப்பவர் ‘ப்ரோந்தோ’ என்பார்; தயார் என்று பொருள். பேச்சு முடியும்போது ஒரே ஒரு ச்சாவோடு யாரும் நிறுத்துவதில்லை. ‘ச்சாவ், ச்சாவ், ச்சாவ்ச்சாவ்ச்சாவ்’ என்று குரல் தாழ்ந்தும் வேகம் கூடியும் போய், இருவரில் ஒருவர் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஓயும். ஒற்றை ச்சாவோடு வெட்டென்று பேச்சை முடித்தால் எதிர்முனையில் இருப்பவர், நம் மேல் கோபமோ என்று நினைக்கக்கூடும். இரட்டித்துச் சொல்லும் ‘ச்சாவ் ச்சாவ்’ பெரும்பாலும் விடைபெறும்போது வருவது. சந்தித்தவுடன் சொல்வதற்கு ஒற்றைச் சொல்லே போதும். கைக்குழந்தைக்கு டாட்டா காட்டக் கற்றுக்கொடுக்கும் தாய், ‘சின்னக் கையால் ச்சாவ் ச்சாவ் செய்’ என்பாள். அங்கே அது சொல்லாக இல்லாமல் கையசைப்புக்கே பெயராகிவிடுகிறது.

வாழ்த்தாக இல்லாமலும் வரும். ‘எ ச்சாவ்’ என்று பேச்சின் கடைசியில் சேர்த்தால் ‘அவ்வளவுதான், கதை முடிந்தது’ என்று பொருள். இந்த மாத்திரையை விழுங்கிவிடு, எ ச்சாவ். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை. ‘ச்சவோனே’ என்பதில் கேலி இருக்கிறது. இத்தாலியத்தில் ‘ஓனே’ என்ற ஈறு பருமையைக் காட்டும்: ‘லீப்ரோ’ புத்தகம், ‘லிப்ரோனே’ தடித்த புத்தகம். அப்படியானால் ச்சவோனே என்பது பெரிய ச்சாவ். போய்த் தொலை என்ற நையாண்டி அதில் தொனிக்கும். 2016 ஏப்ரல் 17 அன்று கடலில் எண்ணெய், எரிவாயு எடுப்பது பற்றி இத்தாலியில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர்களில் பாதிப் பேர்கூட வராததால் அது செல்லாமல் போனது. அப்போது ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாக்கெடுப்பைக் கேட்டவர்களை நோக்கி ட்விட்டரில் இந்தச் சொல்லை எழுதினார். குடிமக்களின் வாக்கை இப்படி எள்ளலாமா என்று நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. அதுவரை நண்பர்கள் பேச்சில் விளையாட்டாகப் புழங்கிய சொல் அன்று முதல் அரசியல் சொல்லாகவும் ஆனது.

இவ்வளவு உரிமையோடு பேசப்படும் இந்தச் சொல் பிறந்த இடம் பணிவு. வடகிழக்கு இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரத்தாரின் மொழியில் ‘ஸ்ச்சாவோ’ என்றால் அடிமை. ‘வோஸ்த்ரோ ஸ்ச்சாவோ’, அதாவது ‘தங்கள் அடிமை’, என்று கனவான்கள் ஒருவரையொருவர் வணங்கினார்கள். யாரும் யாருக்கும் உண்மையில் அடிமை இல்லை. நான் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்ற உபசாரம் அது. வைணவர்கள் தம்மைக் குறிக்கும்போது சொல்லும் ‘அடியேன்’ தமிழ் வாசகர்களுக்கு இதை எளிதில் புரியவைக்கும். வெனிஸ்காரரான கார்லோ கோல்தோனி 18-ம் நூற்றாண்டில் எழுதிய நகைச்சுவை நாடகங்களில் மாந்தர்கள் இந்த வழக்கத்தில் வாழ்த்திக்கொள்வதைப் பார்க்கலாம்.

அடிமை என்ற அந்தச் சொல்லுக்குள் இன்னொரு வரலாறு இருக்கிறது, கசப்பான வரலாறு. செவ்வியல் லத்தீனில் அடிமைக்கு ‘சேர்வுஸ்’ என்று பெயர். இடைக்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவ் இனத்தார் போர்களிலும் கொள்ளைகளிலும் பிடிபட்டுப் பெருந்தொகையாக விற்கப்பட்டார்கள். விற்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களாகவே இருந்ததால் அந்த இனத்தின் பெயரே அடிமைக்குப் பெயராயிற்று. இடைக்கால லத்தீனில் ‘ஸ்க்ளாவுஸ்’, அதன் வழியே பிரெஞ்சில் ‘எஸ்க்லாவ்’, ஜெர்மனில் ‘ஸ்க்லாவே’, ஆங்கிலத்தில் ‘ஸ்லேவ்’. வெனிஸ் நகரமே அந்த வாணிகத்தில் கைநனைத்த துறைமுகம். இன்றைக்கும் அங்கே புனித மாற்கு சதுக்கத்தை ஒட்டிக் கடலோரமாகப் போகும் அகன்ற நடைபாதையின் பெயர் ‘ரீவா தெல்யி ஸ்கியவோனி’, அதாவது ஸ்லாவியர் கரை. ஆனால் அந்தப் பெயர் அடிமைகளைக் குறிப்பதன்று. எதிர்க்கரையான தால்மேஷியாவிலிருந்து சரக்கேற்றி வந்த வணிகர்களையும் மாலுமிகளையும் குறிப்பது.

ஸ்க்ளாவுஸ் எப்படி ச்சாவ் ஆயிற்று என்பதை ஒலி ஒலியாகத் தொடர முடிகிறது. லத்தீனில் ‘க்ள’ என்று இருந்த கூட்டொலி, பொது இத்தாலியத்துக்கு அடிப்படையான டஸ்கனி வழக்கில் ‘கிய’ ஆனது; வெனிஸ் வழக்கில் ‘ச்ச’ ஆனது. சாவிக்கு லத்தீனில் ‘க்ளாவிஸ்’, பொது இத்தாலியத்தில் ‘கியாவே’, வெனிஸில் ‘ச்சாவே’. கூப்பிடுவதற்கு லத்தீனில் ‘க்ளாமாரே’, இத்தாலியத்தில் ‘கியமாரே’, வெனிஸில் ‘ச்சமார்’. அதே வழியில் ஸ்க்ளாவுஸ் என்பது இத்தாலியத்தில் ‘ஸ்கியாவோ’ என்றும் வெனிஸில் ‘ஸ்ச்சாவோ’ என்றும் நின்றது. வெனிஸ் பேச்சில் உயிர்களுக்கு நடுவே வரும் ‘வ’ மெலிந்து மறைவது வழக்கம். எனவே ஸ்ச்சாவோ, ‘ஸ்ச்சாவ்’ ஆகத் தேய்ந்தது. கடைசியில் சொல்லின் தொடக்கத்திலிருந்த ‘ஸ்’ உதிர்ந்தது. அடிமை என்பதற்கு ஸ்கியாவோ என்ற முழு வடிவம் இன்றும் இத்தாலியத்தில் இருக்கிறது. ச்சாவ் சொல்லும் இத்தாலியர் ஒருவருக்கு அந்த இரண்டும் ஒரே சொல் என்று தோன்றுவதற்கு வழியில்லை. அவ்வளவு தூரம் விலகிவிட்டன.

ஒலி தேய்ந்ததைப் போலவே மரியாதையும் தேய்ந்தது. மிகப் பணிவான சொல் நாள்தோறும் எல்லோர் வாயிலும் புழங்கும்போது அதன் பணிவு கரைந்துவிடும். மேலோருக்குச் சொன்னது சமமானவருக்கு வந்து, பிறகு நெருக்கமானவருக்கு மட்டும் என்று சுருங்கிவிடும். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ச்சாவ் இந்தப் பாதையில் வெகுதூரம் வந்திருந்தது. 1818-ல் டஸ்கனிக்காரரான நாடகாசிரியர் பிரான்செஸ்கோ பெனதேத்தி, மிலான் நகரத்தார் தம்மை இப்படி வாழ்த்தத் தொடங்கியிருப்பதாக ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். டஸ்கனியிலிருந்து வந்தவருக்கு அது எழுதிவைக்கத்தக்க புதுமையாக இருந்திருக்கிறது.

வெனிஸிலிருந்து மிலானுக்கும் வடக்கின் பிற நகரங்களுக்கும் போன சொல், தெற்கே வேரூன்ற 20-ம் நூற்றாண்டு வரை ஆயிற்று. 1861-ல் இத்தாலி ஒரே நாடான பிறகு கட்டாய ராணுவப் பணி பல வட்டார இளைஞர்களை ஒரே பாசறையில் தங்கவைத்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள், அதற்குப் பிறகு திரைப்படம், வானொலி, 1954-ல் தொடங்கிய தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து வட்டாரச் சொல்லை நாட்டின் சொல்லாக்கின.

இடையில் ஆட்சியாளர்கள் இத்தாலியர்களின் முன்னிலைச் சொற்களிலேயே கைவைத்த ஒரு காலமும் உண்டு. 1938-ல் முசோலினியின் பாசிச அரசு, ‘லேய்’ அயல்நாட்டு அடிமைப்புத்தியின் மிச்சம் என்று சொல்லி அதை விலக்கச் சொன்னது. அதற்குப் பதில் ‘வோய்’ என்ற பழைய மரியாதைச் சொல்லைப் பயன்படுத்தும்படி ஆணையிட்டது. அந்த வேகத்தில் ‘லேய்’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் இதழ் ஒன்று ‘அன்னபெல்லா’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் பெயரில் இருந்தது ‘அவள்’ என்ற பொருளில் வரும் லேய். மரியாதைச் சொல்லே அன்று! ஆட்சி வீழ்ந்ததும் லேய் திரும்பி வந்துவிட்டது. நேப்பிள்ஸிலும் தெற்கிலும் பெரியவர்களிடம் வோய் சொல்வது, அரசின் ஆணைக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. உண்மையான மாற்றம் 1960-களின் இறுதியில் மாணவர் கிளர்ச்சியோடு வந்தது. பல்கலைக்கழகங்களிலும் வேலையிடங்களிலும் ‘தூ’ பரவ, அதன் கையைப் பிடித்துக்கொண்டு ச்சாவும் பரவியது.

அதற்குள் இந்தச் சொல் இத்தாலியின் முகவரியாகவே ஆகியிருந்தது. 1959-ல் சான்ரேமோ பாட்டுப் போட்டியில் தொமேனிகோ மொதூன்யோவுக்கு வெற்றி தந்த பாடல் உலகெங்கும் ‘ச்சாவ் ச்சாவ் பம்பீனா’ என்ற பெயரில்தான் அறியப்பட்டது. வெஸ்பா ஸ்கூட்டரைத் தந்த பியாஜ்ஜோ நிறுவனம் 1967 முதல் 2006 வரை தயாரித்த சிறிய மொபெட்டின் பெயர் ச்சாவ். 1990-ல் இத்தாலி நடத்திய உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் சின்னமான, பந்தைத் தலையாகக் கொண்ட குச்சி மனிதனுக்கும் அதே பெயர். இவை எல்லாவற்றையும்விடத் தொலைவாகப் போனது ‘பெல்லா ச்சாவ்’ பாடல். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளையும் பாசிஸ்டுகளையும் எதிர்த்த இத்தாலியப் போராளிகளோடு இணைத்துப் பேசப்படும் பாடல் அது. 1964-ல் ஸ்போலேத்தோ கலைவிழாவில் மேடையேறிய பிறகே அது நாடு முழுவதும் பரவியது. 2017-ல் வெளிவந்த ‘மணி ஹெய்ஸ்ட்’ ஸ்பானியத் தொடர் அதைத் தமிழ்நாட்டு இளைஞர்கள் வரை கொண்டுவந்தது. 2020-ல் டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடியபோது அதே மெட்டில் ‘திரும்பிப் போ’ என்ற பொருளில் ‘வாபஸ் ஜாவோ’ என்று பஞ்சாபியில் பாடினார்கள். பாடலில் வரும் ச்சாவ், காதலியிடம் விடைபெறும் ச்சாவ். போருக்குப் போகிறவன் திரும்பி வராமலே போகலாம். அப்போதும் அவன் வாயில் வருவது அத்தீயோ அல்ல, அன்றாடம் சொல்லும் சொல்தான்.

விடைபெறுதல் என்ற அந்தப் பாதியைத்தான் பிற மொழிகள் பலவும் எடுத்துக்கொண்டன. 1876-க்கும் 1915-க்கும் இடையில் சுமார் 1.4 கோடி இத்தாலியர்கள் பிழைப்புக்காக நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஏராளமானோர் தென் அமெரிக்காவில் குடியேறினார்கள். அர்ஜென்டினாவில் ‘ச்சவ்’, சிலியில் ‘ச்சாவ்’, பிரேசிலில் ‘ட்சாவ்’ என்று எல்லா இடத்திலும் சொல் இருக்கிறது. எங்கும் பிரியும்போது மட்டுமே சொல்கிறார்கள். சந்திக்கும்போது சொல்ல அவர்களிடம் ஏற்கெனவே சொந்தச் சொல் இருந்ததால் இதன் மறுபாதிக்கு இடமில்லாமல் போயிற்று என்று கொள்ளலாம். பிரேசில்காரர்கள் சிறுமை காட்டும் ஈற்றைச் சேர்த்து ‘ட்சாவ்ஜின்யோ’ என்று ஆக்கி, கையசைப்புக்கும் அதைப் பெயராக வைத்துக்கொண்டார்கள். 1890 முதல் 1941 வரை இத்தாலியின் குடியேற்ற நாடாக இருந்த எரித்திரியாவிலும், அண்டை நாடான எத்தியோப்பியாவிலும் விடைபெறும் சொல்லாகவே அது புழங்குகிறது. ஜெர்மானியர்களும் பெரும்பாலும் அப்படியே.

செக், ஸ்லோவாக், செர்பிய, பல்கேரிய மொழிகளிலும் ச்சாவ் உண்டு. இந்த மொழிகளைப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஸ்லாவ் இனத்தார். தங்கள் முன்னோரின் இனப்பெயர் அடிமைப்பெயராகி, பிறகு வாழ்த்தாகித் தங்களிடமே திரும்பி வந்திருப்பதை அறியாமலே அவர்களில் பலர் அதை நண்பர்களிடம் சொல்கிறார்கள். அடிமை என்ற பழைய லத்தீன் சொல்லும் இதே கதையைத் தனியே வாழ்ந்து காட்டியிருக்கிறது. ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் நண்பர்கள் சந்தித்தாலும் பிரிந்தாலும் சொல்வது ‘ஸேர்வுஸ்’; ஹங்கேரியில் அது ‘ஸெர்வுஸ்’. ச்சாவைப் போலவே இதுவும் நெருங்கியவர்களுக்கு மட்டும் உரியது.

வியட்நாமியர்கள் சந்திக்கும்போது சொல்லும் ‘ச்சாவ்’ ஒலியில் இத்தாலியச் சொல்லுக்கு மிக நெருங்கியிருக்கிறது, பொருளும் அதேதான். ஆனால் அதற்கும் வெனிஸுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வியட்நாமியச் சொல் தாழ்ந்த தொனியில் ஒலிப்பது. எதிரில் நிற்பவர் அண்ணனா, பாட்டியா, ஆசிரியரா என்பதற்கேற்ற உறவுச் சொல்லைச் சேர்த்துச் சொன்னால் பெரியவர்களுக்கும் தடையின்றிப் பொருந்துவது.